சோடாபுட்டி பார்ட்டியா நீங்க?

கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரே வருவது ஹெச்.ஓ.டி.யா, கேன்டீன் மாஸ்டரா என்று தெரியாமல் பொத்தாம்பொதுவாக ஒரு வணக்கம் வைக்கிற ஆளா நீங்க? கையைக் கொடுங்க, நம்ம கட்சி! எனக்கு ரெண்டு கண்ணிலும் மைனஸ் ஏழு.

ஃபைனல் இயருக்குள் லேசர் பண்ணிக்கிட்டு கண்ணாடியைத் தலையைச் சுத்தி எறியணும்னு போன மாசம் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரிய வைத்து, விழித்திரையைப் படம் எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் ஆரஞ்சு நிற வட்டம். பார்வை நரம்பு நுழையும் மஞ்சள் பொட்டிலிருந்து மேலும் கீழுமாகச் சிவப்பு ரத்தக்குழாய்கள் கிளம்பி, ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிவது மாதிரி பிரிந்து ஓடின. கத்தியே வைக்காமல் உள்ளே இருக்கிற ரத்தக்குழாயை இவ்வளவு தெளிவாகப் பார்க்க உடம்பில் வேறு இடம் கிடையாது.

பக்கத்திலேயே பவர் இல்லாத ஒரு கண்ணின் படத்தையும் வைத்தார் டாக்டர். அதில் குழாய்கள் நெளிநெளியாக இருந்தன. என்னுடையது ஒல்லி, கிட்டத்தட்ட நேர்க்கோடு. "இழுத்துக் கட்டின கொடிக்கயிறு மாதிரி இருக்குல்ல?" என்றார்.

விஷயம் கண்ணின் வடிவத்தில் இருக்கு. முன்னாலிருந்து பின்னால் வரை சராசரிக் கண் சுமார் 24 மில்லிமீட்டர். அது நீண்டு முட்டை வடிவத்துக்குப் போனால் மைனஸ் பவர். ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறக்குறைய இரண்டரையிலிருந்து மூணு பவர் ஏறும். என் கண் 26.5! உள்சுவரில் ஒட்டியிருக்கிற விழித்திரை, பரோட்டா மாஸ்டர் வீசுகிற மாவு மாதிரி இழுபட்டு மெலிகிறது. அதன் மேல் ஓடுகிற குழாய்களும் கூடவே நேராகி, கிளை பிரிகிற கோணமும் குறுகுகிறது.

(இன்ஜினீயரிங் புத்தி சும்மா இருக்குமா? "நீளமான கண்ணில் கேமராவே எல்லாத்தையும் சின்னதாத்தானே சார் காட்டும்?" என்று கேட்டேன். கரெக்டாம். கண் நீளத்தைக் கணக்கில் சேர்க்காமல் அளந்தால், தெரிகிற ஒல்லியில் கொஞ்சம் கேமராவின் வேலைதான்.)

சரி, குழாய் ஒல்லியா இருந்தா என்ன? பயம் அதில் இல்லை, அதைத் தாங்குகிற விழித்திரையில்தான். என் இடது கண் ஓரத்தில் ஒரு இடம் வலை மாதிரி நைந்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் கிழிசல் விழுந்தால், அது வழியாகத் திரவம் புகுந்து விழித்திரையையே பிய்த்துவிடலாம்.

"லேசர் பண்ணிட்டா சரியாயிடுமா சார்?"

"அது முன்னாடி இருக்கிற கருவிழியைத்தான் செதுக்கும். உன் கண்ணோட நீளம் அப்படியேதான் இருக்கும்!"

லேசர் செய்தாலும் செய்யாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் செக் பண்ணினால் இதெல்லாம் தெரியாது. கண்ணுக்குள் திடீர்னு மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கொத்தாகப் பறந்தாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ செமஸ்டர் முடியட்டும்னு தள்ளிப் போடாதீங்க. அன்னிக்கே டாக்டரிடம் ஓடணும்.

ஒண்ணு மறந்துட்டேன். செக்கப்புக்கு பைக்கில் போகாதீங்க. பாப்பா சுருங்க பல மணி நேரம் ஆகும். வெயில் தாங்காமல் முகத்தைக் கர்சீப்பால் மூடிக்கிட்டு பஸ்ஸில் வந்த என்னைப் பார்த்து, காதல் தோல்வின்னு நினைச்சு ஒரு பாட்டி இடம் கொடுத்தாங்க!