கருங்கல்லின் குலம்

அம்மியும் கருங்கல், கோயில் தூணும் கருங்கல் என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்கிவிடுவது நமது வழக்கம். நைல் நதியின் நீளத்தைப் பிழையின்றி ஒப்பிக்கும் நம் மாணவன், தான் மிதித்து ஏறும் பள்ளிப் படிக்கல் எவ்வினம் என்று கேட்டால் விழிக்கிறான்.

வழியில் கிடக்கும் கல்லொன்றை உடைத்து, அதன் புதுமுகத்தைப் பார்க்க வேண்டும். வெயிலும் மழையும் பட்ட மேற்புறம் பொய் சொல்லும். முதலில் கவனிக்க வேண்டியது மணி. எல்லோராக் குகைகளைக் குடைந்த தக்காணத்துப் பஸால்ட் பாறையில் மணிகள் வெறுங்கண்ணுக்குப் புலப்படா. எரிமலைக் குழம்பு பூமியின் மேல் வழிந்து விரைவில் ஆறியதே காரணம். கிரானைட்டோ ஆழத்தில் மெல்ல ஆறியது. மணிகள் பருக்க அவகாசம் இருந்தது. பாகை அசையாமல் ஆறவிட்டால் கற்கண்டு, கிளறினால் பொடிச் சர்க்கரை என்பதை நம் இல்லத்தரசிகள் அறிவார்கள்.

ஆனால் மணி மட்டும் போதாது. பல்லாவரத்துக் கல்லும் கிரானைட்டைப் போலப் பருமணி உடையதே. எனினும் அதன் குவார்ட்ஸ் படிகங்கள் நீலச் சாயல் காட்டும்; எண்ணெய் தடவினாற்போன்ற கருமை எங்கும் பரவியிருக்கும். மிகுந்த வெப்பத்தில், நீர்ப்பசை குன்றிய ஆழத்தில் உண்டாகும் ஹைபர்ஸ்தீன் என்ற தாது அதில் உண்டு.

கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்னும் கும்பெனி வர்த்தகரின் சமாதிக் கல்லும் இவ்வினமே. 1893-ல் அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், இனத்துக்கே 'சார்னகைட்' என்று பெயர் சூட்டிவிட்டார். கல் நம்முடையது, பெயர் கும்பெனியாருடையது! அண்டார்க்டிகாவில் அகப்படும் இவ்வினப் பாறையையும் உலகம் அப்பெயராலேயே அழைக்கிறது.