குழந்தைகளின் நிணநீர்க் கட்டிகள்: 'முழுவதும் போய்விடுமா?' என்ற கேள்விக்கு அப்பால்

பிறந்த குழந்தையின் கழுத்திலோ அக்குளிலோ மெத்தென்ற ஒரு வீக்கம். தொட்டால் வலிப்பதில்லை. டோர்ச் வெளிச்சத்தைப் பிடித்தால் உள்ளே நீர் தேங்கியிருப்பது போல ஒளி ஊடுருவும். வீட்டில் முதலில் எழுவது புற்றுநோய்ப் பயம். அடுத்து விரல்கள் தாயை நோக்கி நீளும். கிரகணத்தன்று வெளியே போனாயா? வயிற்றில் பிள்ளையோடு என்ன சாப்பிட்டாய்?

என் உறவுக்காரப் பெண் ஒருவரும் இதே கேள்விகளைக் கேட்டுச் சலித்தவர். மகனின் ஸ்கேன் அறிக்கையோடு அவர் என்னிடம் வந்தபோதுதான் இந்த நோயைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

இது என்ன?

இரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரைச் சேகரித்து மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் வேலை. கருவில் இந்த வடிகால் உருவாகும்போது ஒரு பகுதி ஒழுங்காக இணையாமல் போனால், அங்கே நீர்ப்பைகள் தோன்றுகின்றன. இது புற்றுநோய் அல்ல. சுமார் 2,000 முதல் 4,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகிறது. பெரும்பாலானவை இரண்டு வயதுக்குள் வெளித்தெரிந்துவிடும்.

பல குழந்தைகளில் இதற்குக் காரணம் பி.ஐ.கே.3.சி.ஏ. என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம். அது பெற்றோரிடமிருந்து வருவதல்ல. கரு வளரும்போது சில கலங்களில் மட்டும் தானாக நேர்வது. தாய் உண்டதோ நடந்ததோ இதற்குக் காரணமல்ல.

சிகிச்சை எப்படி?

பைகள் பெரியவையா, சிறியவையா என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. தொந்தரவு தராத சிறிய வீக்கமென்றால் கவனித்துக்கொண்டு காத்திருக்கலாம்.

பெரிய பைகளுக்கு ஊசிச் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது. ஸ்கேன் உதவியுடன் நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு மருந்தைச் செலுத்துவார்கள். பையின் சுவர்கள் புண்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஜப்பானின் கியோட்டோ மருத்துவர்கள் ஓ.கே.-432 என்ற மருந்தால் பெற்ற பலனை 1987 இல் வெளியிட்டனர். டொக்சிசைக்கிளின், பிளியோமைசின் ஆகியனவும் பயன்படுகின்றன. ஊசி போட்ட சில நாட்களுக்கு வீக்கம் கூடுவதும் காய்ச்சல் வருவதும் உண்டு. பலருக்கு ஒரு தடவை போதாது.

பிளியோமைசின் புற்றுநோய்க்கும் கொடுக்கப்படும் மருந்து என்று அறிந்ததும் சில பெற்றோர் மிரண்டு போகிறார்கள். இங்கே அது பையைச் சுருக்கவே பயன்படுகிறது. ஆனால் மொத்த அளவு கூடினால் நுரையீரலைப் பாதிக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பதிவு அவசியம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ தொடங்கிய சிகிச்சையைக் கொழும்பில் தொடர நேர்ந்தால், பழைய கிளினிக் கொப்பிகள் கட்டாயம் கூடவே போக வேண்டும்.

சிறிய பைகள் கடற்பஞ்சு போலத் திசுக்களுக்குள் ஊடுருவி நிற்பவை. ஊசிக்கு எளிதில் மசியாதவை. சத்திரசிகிச்சையில் முழுவதையும் எடுக்க முயன்றால் முகத்தையும் நாக்கையும் அசைக்கும் நரம்புகள் சேதமாகலாம். மிச்சம் வைத்தால் மீண்டும் வளரலாம். இத்தகையவர்களுக்கு அண்மைக் காலத்தில் உதவுவது சிரோலிமஸ். ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்த நுண்ணுயிரில் கண்டெடுக்கப்பட்டு, சிறுநீரக மாற்றுச் சிகிச்சையில் பயன்பட்டுவந்த மருந்து இது. நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்பதால் இரத்தப் பரிசோதனை தொடர வேண்டும். தடுப்பூசிக்கு முன் வைத்தியரிடம் கேட்க வேண்டும். நிறுத்தினால் வீக்கம் திரும்பவும் கூடும்.

வளர்ந்த பிறகு?

கழுத்தின் கீழ்ப்பகுதியில் பெரிய பைகள் உள்ள குழந்தைகளில் பெரும்பாலானோர் நல்ல நிலைக்கு வருகிறார்கள். நாக்கிலும் வாயின் அடித்தளத்திலும் சிறிய பைகள் உள்ளவர்களின் பயணம் நீண்டது. தடிமன், காய்ச்சல் வந்தால் வீக்கம் திடீரெனப் பெருக்கும். உள்ளே இரத்தம் கசிந்தால் நீலம் பாயும். தாடை அளவுக்கு மீறி வளரலாம். பல்வரிசையும் பேச்சும் பாதிக்கப்படலாம். பருவ வயதிலும் வீக்கம் கூடலாம். வீக்கம் வற்றியதும் கிளினிக்கை விட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான்.

மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமப்பட்டால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். 1990 இற்கு அழையுங்கள். வீக்கம் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

'முழுவதும் போய்விடுமா?' என்று கேட்பது இயல்பு. ஆனால் பல குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சையின் இலக்கு வேறு. பிள்ளை நன்றாக மூச்சு விடுகிறதா? சாப்பிடுகிறதா? பேசுவது மற்றவர்களுக்கு விளங்குகிறதா? கூச்சமின்றிப் பள்ளிக்கூடம் போகிறதா? வைத்தியரிடம் இவற்றையும் கேளுங்கள். ஸ்கேனில் சிறு மிச்சம் தெரிந்தாலும், இந்த நான்குக்கும் 'ஆம்' என்று சொல்ல முடிந்தால் சிகிச்சை வென்றிருக்கிறது.