கடலடி வரைபடமும் கருவாட்டு வியாபாரமும்

நான் கருவாடு விற்பவன். கடலோடு எனக்குள்ள தொடர்பு மீன்வாடியோடு முடிந்துவிடும். ஆனால் "இந்த இடத்தில் மீன் பிடிக்கக் கூடாது" என்று ஓர் அறிவித்தல் வந்தால், அடுத்த வாரமே அது என் கல்லாப்பெட்டியில் தெரியும். அந்தக் கோட்டை எதை வைத்துப் போடுகிறார்கள் என்று நாமும் அறிந்திருக்க வேண்டாமா?

முன்பு ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கித்தான் ஆழம் பார்த்தார்கள். இப்போது கப்பலின் அடியிலிருந்து ஒலியை விசிறிபோல் அனுப்புகிறார்கள். கடல்நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் ஓடும். போய்த் திரும்ப இரண்டு செக்கன் எடுத்தால் ஆழம் 1500 மீற்றர். எதிரொலி பலமாக வந்தால் பெரும்பாலும் பாறை, மங்கினால் சேறு.

ஸ்கொட்லாந்துக்கு வடமேற்கே 1998 இல் ஒலிக்கருவிகளால் தேடியபோது, சுமார் 1000 மீற்றர் ஆழத்தில் நூற்றுக்கணக்கான சிறு மேடுகள் தெரிந்தன. மேடுகளின் மேல் குளிர்நீர்ப் பவளம். டார்வின் மேடுகள் என்று பெயரிட்டார்கள். இழுவை வலைகள் உழுத தடமும் அங்கே கிடந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2003 இல் அவசரத் தடை போட்டு, 2004 இல் அதை நிரந்தரமாக்கியது.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியது இதைத்தான். அந்தத் தடை கடலடியில் உரசும் வலைகளுக்கு மட்டுமே. மேல்மட்டத்தில் பிடிப்பவரின் தொழிலில் அது கை வைக்கவில்லை. மேடு எங்கே என்று தெரிந்ததால் அளவோடு கோடு போட முடிந்தது. தெரியாதவர்கள் போடும் கோடு அகலமாகத்தான் இருக்கும், நட்டமும் அகலமாகத்தான் வரும்.

நமது நாட்டில் அடிமட்ட இழுவை வலையை 2017 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால் பாதுகாப்பு வலயம் என்ற பேச்சு அதோடு முடியவில்லை. உலக நாடுகள் 2030 க்குள் கடலில் 30 வீதத்தைப் பாதுகாப்பதென்று 2022 இல் உடன்பட்டிருக்கின்றன. கடலடியிலோ 2025 நடுப்பகுதி வரை கால் பங்குக்குச் சற்று மேல்தான் சரியாக அளக்கப்பட்டிருந்தது.

ஆழப்படம் மட்டும் போதாது என்பதும் உண்மை. பாறை இருக்குமிடத்தைக் காட்டும், மீன் முட்டையிடும் மாதத்தைக் காட்டாது. அதற்குக் கெமராவும் வேண்டும், கடற்றொழிலாளியின் வாயும் வேண்டும். எனக்குச் சரக்குத் தரும் சம்மாட்டி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அந்தப் பாறையெல்லாம் வாப்பா காலத்திலேயே எங்களுக்குத் தெரியும் நானா" என்றார். எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லையாம்.