ஒரு மாஸ்டருக்குப் பின்னால் ஒன்பது பேர்

சிங்கப்பூர் தேக்காவில் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை நடத்துபவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வாடகை, அரிசி விலை என்று தொடங்கி, சீக்கிரமே மாஸ்டர் பிரச்சினைக்கு வந்துவிடுவார். பரோட்டா வீசவும் பிரியாணிக்குத் தம் போடவும் கை பழகிய ஆள் உள்ளூரில் லேசில் அகப்படுவதில்லை. ஊரிலிருந்து அழைத்துவரலாம் என்றால் வெளிநாட்டு ஊழியருக்கான கோட்டா குறுக்கே நிற்கும்.

பல ஆண்டுகளாக அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. புதுக்கோட்டைப் பையன் வொர்க் பர்மிட்டில் போய்க் கட்டடத்துக்குக் கம்பி கட்டலாம், கப்பல் பட்டறையில் வெல்டிங் அடிக்கலாம். உணவகத்தில் தோசை ஊற்ற அதே பர்மிட் கிடைக்கவில்லை. சேவைத் துறையில் அது மலேசியா, சீனா, தென்கொரியா, தைவான் போன்ற சில இடத்துக்காரர்களுக்குத்தான் கிடைத்தது. இந்தியச் சமையல்காரர், நடுத்தரத் திறனாளர்களுக்கான எஸ் பாஸில்தான் வரவேண்டியிருந்தது. அதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 செப்டம்பரிலிருந்து 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வயது கூடக் கூட இந்தத் தொகையும் கூடும். கைப்பக்குவம் வந்த மாஸ்டருக்கு வயதும் ஆகியிருக்குமே! அதற்கு மேல், கடைக்காரர் அரசுக்குக் கட்டும் லெவி மாதம் 650 வெள்ளி.

பணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம், ஆள் கணக்கைப் புரட்ட முடியாது. சேவைத் துறைக் கடையில் வெளிநாட்டு ஊழியர் மொத்தப் பேரில் 35 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்குள் எஸ் பாஸ்காரர் 10 சதவீதம்தான். உள்ளூர்க்காரரை எண்ணுவதிலும் நுணுக்கம் உண்டு. 2024 ஜூலையில் வந்த கணக்குப்படி, மாதம் குறைந்தது 1,600 வெள்ளி வாங்குபவர் ஒரு ஆள். குறைந்தது 800, ஆனால் 1,600க்குக் கீழ் வாங்குபவர் அரை ஆள்.

ஒரு கடையில் முழுநேர உள்ளூர்க்காரர் ஆறு பேர், அரைநேரத்துக்கு வரும் அக்காமார் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் ஏழு. வெளிநாட்டவர் மூவரைச் சேர்த்தால் பத்து. பத்தில் 10 சதவீதம் ஒன்று. ஆக, எஸ் பாஸில் ஒரு மாஸ்டர். இப்போது பாத்திரம் கழுவும் முழுநேர உள்ளூர்ப் பெரியவர் வேலையை விட்டு நின்றுவிடுகிறார். மொத்தம் ஒன்பது, 10 சதவீதம் 0.9. முக்கால்வாசி மாஸ்டர், முழுசுக்குக் கொஞ்சம் குறைந்த மாஸ்டர் என்றெல்லாம் யாரும் கிடையாது. வேறு ஆள் சேராவிட்டால் பாஸைப் புதுப்பிக்க முடியாது. இருநூறு பேர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு இப்படி ஒருவர் போனால் இருபது பாஸில் ஒன்று குறையும். இந்தக் கடைக்கு இருந்த ஒன்றே போய்விடும்.

உள்ளூர்க்காரர் வேலை பறிபோகாமல் காப்பதுதான் நோக்கம். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சதவீதத்தில் போடும் எந்த வரம்பும் சின்னவர்களைத்தான் முதலில் கடிக்கும்.

2023 செப்டம்பர் 1 முதல் ஒரு கதவு திறந்தது. மனிதவள அமைச்சின் ஒப்புதல் பெற்ற இந்திய உணவகங்கள், குறைந்தது 2,000 வெள்ளி சம்பளத்தில் இந்தியச் சமையல்காரரை வொர்க் பர்மிட்டிலேயே எடுக்கலாம் என்றானது. நல்ல மாற்றம்தான். ஆனால் இதற்கும் உச்சவரம்பு 8 சதவீதம். கடையில் பதின்மூன்று பேர் இருந்தால்தான் அது ஒரு முழு ஆளைத் தொடும்.

உங்கள் வீட்டில் யாராவது மாஸ்டர் வேலைக்கென்று சிங்கப்பூர் கிளம்பினால், ஏஜெண்டிடம் சம்பளத்தோடு இதையும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்: அந்தக் கடையில் மொத்தம் எத்தனை பேர்?