வீட்டில் ஓடிய செயலி பள்ளியில் ஓடாதது ஏன்?

மாணவர்களே, அறிவியல் விழாவுக்காகப் பைத்தான் மொழியில் ஒரு புதிர்ப்போட்டி வலைச்செயலியை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு மடிக்கணினியில் அது நன்றாக இயங்குகிறது. விழா நாளன்று பள்ளிக் கணினிக்கு மாற்றினால், திரையில் பிழைச்செய்தி! நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பிறகு எதுதான் மாறியது?

மாறியது சூழல். உங்கள் நிரலுக்குப் பைத்தானின் ஏற்ற பதிப்பும் ஃபிளாஸ்க் போன்ற துணை நிரல்தொகுப்புகளும் தேவை. அவை பள்ளிக் கணினியில் இல்லாமல் இருக்கலாம். வேறு பதிப்பாகவும் இருக்கலாம். நிரலையும் சூழலையும் சேர்த்தே கட்டி அனுப்பினால் இந்தத் தொல்லை குறையும். அதற்கு உதவுவதுதான் கொள்கலன் தொழில்நுட்பம்.

கப்பல் கொள்கலன்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1956 ஏப்ரல் 26-இல் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 கொள்கலன்களுடன் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அக்காலத்தில் பெரும்பாலான சரக்குகளை மூட்டை மூட்டையாகத்தான் ஏற்றி இறக்கினார்கள். இன்று கிள்ளான் துறைமுகத்துப் பாரந்தூக்கிக்கு, பெட்டிக்குள் இருப்பது அரிசியா தொலைக்காட்சியா என்று தெரிய வேண்டியதில்லை. பெட்டியின் வடிவம் தரப்படுத்தப்பட்டிருப்பதே போதும். மென்பொருளில் இதே எண்ணத்தைப் பரவலாக்கியது, 2013-இல் வெளிவந்த 'டோக்கர்'.

இது எப்படி வேலை செய்கிறது? 'டோக்கர்ஃபைல்' என்ற சிறு கோப்பில் எந்தப் பைத்தான் பதிப்பு, எந்த நிரல்தொகுப்புகள், எந்தக் கட்டளையால் தொடங்க வேண்டும் என்று வரிசையாக எழுதுகிறோம். 'டோக்கர் பில்ட்' கட்டளை அதைப் படித்து ஒரு படிமத்தை உருவாக்கும். 'டோக்கர் ரன்' கட்டளை அந்தப் படிமத்திலிருந்து கொள்கலனை இயக்கும். ஒரே படிமத்திலிருந்து பல கொள்கலன்களை இயக்கலாம். ஒவ்வொன்றும் முழு இயங்குதளத்தைச் சுமப்பதில்லை. லினக்ஸ் கருவகத்தை எல்லாம் பகிர்ந்துகொள்கின்றன. அதனால்தான் அவை விரைவாகத் தொடங்குகின்றன.

கொள்கலனுக்குள் ஃபிளாஸ்க் வழக்கமாக 5000 என்ற போர்ட்டில் காத்திருக்கும். வெளியிலுள்ள 8080-ஐ அதனுடன் இணைத்தால்தான் உலாவியில் செயலியைத் திறக்க முடியும். அதோடு, ஃபிளாஸ்க்கை 0.0.0.0 என்ற முகவரியில் இயக்க வேண்டும். 127.0.0.1 என்று விட்டுவிட்டால், கொள்கலன் தனக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கும்!

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. கொள்கலனுக்குள் எழுதிய தரவு, அந்தக் கொள்கலனை நீக்கும்போது சேர்ந்தே அழியும். நூறு மாணவர்களின் மதிப்பெண்கள் உள்ளே இருந்தால் அத்தனையும் போய்விடும். படிமத்திலிருந்து புதிய கொள்கலன் கிடைக்கும், மதிப்பெண்கள் கிடைக்கா. ஆகவே தரவை 'வால்யூம்' எனப்படும் தனிச் சேமிப்பிடத்தில் வைக்க வேண்டும்.

செய்து பாருங்கள்: செயலியில் ஒரு மதிப்பெண்ணைப் பதிந்து, கொள்கலனை நீக்கிவிட்டு, மீண்டும் இயக்குங்கள். பிறகு வால்யூமை இணைத்து அதையே செய்யுங்கள். இரண்டு முடிவுகளையும் ஒப்பிட்டு, விழாவுக்கு முன்பே உங்கள் குழுவினரிடம் விளக்குங்கள்.