சோறு போடுகிற இடமா, பள்ளிக்கூடமா?
பால்வாடியில் ஒரு பகல்

சென்னை

காலை 9 மணி. வட சென்னையில் ஒரு குறுகலான சந்து. வாசல்தோறும் பிளாஸ்டிக் குடங்கள். அவற்றைத் தாண்டி ஒரு அறையில் இருந்து "ஓ"வென்று அலறல் சத்தம்.

அடிதடி எதுவும் இல்லை. புதிதாகச் சேர்ந்த 2½ வயது வாண்டு ஒன்று, அம்மாவின் முந்தானையை விட மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. அம்மாவுக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிறது. வீட்டு வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் மட்டம் போட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு.

ஆயா வந்தார். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தார். "அதோ பாரு காக்கா! எவ்ளோ பெரிய காக்கா!" என்றார். அழுகை பாதியில் நின்றது. அந்த நேரம் பார்த்து அம்மா நழுவி விட்டார்.

சர்க்கார் காகிதத்தில் இதற்குக் "குழந்தைகள் மையம்" என்று பெயர். அங்கன்வாடி என்றும் சொல்வார்கள். ஜனங்கள் வாயில் அது பால்வாடிதான். தமிழ்நாட்டில் இப்படி சுமார் 54 ஆயிரம் மையங்கள் இருக்கின்றன. டீ கடையில் நின்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "அங்க என்னா படிப்பு? சோறுதான் போடறாங்க!"

அது முழு உண்மை அல்ல. உள்ளே போய் ஒரு பகல் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

புளியங்கொட்டை

அறைக்குள் 18 குழந்தைகள். பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தன. நடுவில் ஒரு தட்டு நிறையப் புளியங்கொட்டை.

டீச்சர் "மூணு எடு" என்றால் மூன்று எடுக்க வேண்டும். ஒரு பையன் கை நிறைய அள்ளினான். பக்கத்தில் இருந்த சிறுமி அவன் கையைப் பிரித்து, ஒவ்வொன்றாக எண்ணி, மீதியைத் தட்டில் போட்டாள். அவளுக்கு 4 வயது இருக்கும். தோரணை தாசில்தார் மாதிரி!

பார்க்கிறவருக்கு இது விளையாட்டு. ஆனால் கொட்டையைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து எடுக்கிற பழக்கம்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கிற பழக்கம். "உன் முறை வரட்டும்" என்று காத்திருப்பதும் பாடம்தான். சிவப்பு எது, பச்சை எது, பெரிசு எது, சின்னது எது என்று பிரிப்பதும் பாடம். "ஒண்ணுக்கு வருது டீச்சர்" என்று வாய்விட்டுச் சொல்லக் கற்பது எல்லாவற்றிலும் பெரிய பாடம் என்று நமக்குத் தோன்றியது.

இதற்கென்று பாடத்திட்டமே இருக்கிறது. பெயர் "ஆடிப் பாடி விளையாடு பாப்பா". வயதுக்கு ஏற்ற பயிற்சிப் புத்தகமும் உண்டு. எழுதச் சொல்லிக் கட்டாயம் கிடையாது. இந்த வயதில் எலும்பும் விரலும் எழுத்துக்குத் தயாராகவில்லை.

தராசு

மூலையில் எடை பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. மாதம் ஒரு முறை ஒவ்வொரு குழந்தையையும் ஏற்றி இறக்குகிறார்கள். எடையை வளர்ச்சி வரைபடத்தில் குறிக்கிறார்கள். கோடு பச்சைப் பட்டையில் ஏறினால் சரி. மஞ்சளுக்கு இறங்கினால் தாயைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். அதற்கும் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

குழந்தை ஓடி ஆடிக்கொண்டே இருக்கும். முகமும் உப்பலாகத் தெரியும். ஆனால் 3 மாதமாக எடை கூடவே இருக்காது. இது வீட்டில் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாது. தராசுதான் காட்டிக் கொடுக்கும். தமிழ்நாட்டில் இதை ஊர் ஊராகச் செய்ய ஆரம்பித்தது 1980-ல். உலக வங்கி உதவியோடு வந்த ஊட்டச்சத்துத் திட்டம் அது.

அதற்கு முன்பே, 1975 அக்டோபர் 2-ந் தேதி, நாடு முழுவதும் 33 இடங்களில் மத்திய அரசின் அங்கன்வாடி திட்டம் தொடங்கி இருந்தது. 1982 ஜூலை 1-ந் தேதி முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பால்வாடிக் குழந்தைகளும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார்கள் என்பது பலருக்கு ஞாபகம் இருக்காது.

முட்டை

மத்தியானம் சாப்பாடு. கலவை சாதம், வாரத்தில் 3 நாள் அவித்த முட்டை. 3 வயதில் இருந்து 6 வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்று 2013-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அதுவே அளவு சொன்னது.

நாம் போன அன்று முட்டை நாள். வரிசையாகக் கை கழுவிவிட்டு வந்தார்கள். ஒருத்தன் மஞ்சள் கருவை மட்டும் தின்றுவிட்டு வெள்ளையைத் தம்பிக்கென்று டவுசர் பாக்கெட்டில் திணித்தான். ஆயா பார்த்துவிட்டார். "தம்பிக்குத் தனியா சத்து மாவு குடுக்கறோம்டா, நீ தின்னு கண்ணு" என்று எடுத்து ஊட்டினார். 6 மாதக் குழந்தையில் இருந்து, கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய் வரை மாவு பாக்கெட் உண்டு.

சாப்பிட்டதும் தூக்கம். 18-ல் 15 உருப்படி 10 நிமிஷத்தில் காலி! மற்ற மூன்றும் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில்தான் டீச்சர் செல்போனை எடுத்தார். பேசுவதற்கு அல்ல. வருகை, எடை, மாவு கணக்கு எல்லாவற்றையும் 2021-ல் வந்த "போஷன் டிராக்கர்" செயலியில் ஏற்ற வேண்டும். ரிஜிஸ்டர் வேறு தனியாக!

அடுப்பு

நம்மை உறுத்தியது ஒன்று. சமையல் அடுப்புக்கும் குழந்தைகள் படுத்திருந்த பாய்க்கும் நடுவே இருந்தது ஒரு மரத் தட்டி மட்டும்தான். வாடகை இடம். வேறு வழி இல்லை என்கிறார்கள்.

2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் பலியானதை நாடு பார்த்தது. இங்கே கூரை ஓலை இல்லை, கான்கிரீட்தான். அதற்காகத் தட்டி போதும் என்று விட்டுவிட முடியுமா? ஒரு செங்கல் சுவர் எழுப்ப எவ்வளவு செலவாகும்?

டையும் ஷூவும்

பால்வாடிக்கு இன்னொரு ஆபத்து, வாசலில் வந்து நிற்கும் தனியார் வேன். 3 வயது முடிந்ததும் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள். டை, ஷூ, கையில் நோட்டு. கம்மலை அடகு வைத்தாவது எல்.கே.ஜி.யில் போட வேண்டும் என்று தாய்மார்கள் துடிக்கிறார்கள். அவர்கள் ஆசையைக் குறை சொல்ல நமக்கு மனசு வரவில்லை. ஆனால் முட்டையும் போய்விடுகிறது, தராசும் போய்விடுகிறது. பல இடங்களில் விளையாட்டும் போய்விடுகிறது.

அரசாங்கமும் இதைக் கவனிக்காமல் இல்லை. 2019 ஜனவரியில், நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெரிய ஃபீஸ் வாங்கும் பள்ளிகள் பல "மாண்டிசோரி முறை" என்று போர்டு மாட்டுகின்றன. அந்த மாண்டிசோரி அம்மையார் இத்தாலி நாட்டு டாக்டர். 1907-ல் ரோம் நகரத்தில் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில்தான் முதல் பள்ளியைத் திறந்தார். பெற்றோர் கூலி வேலைக்குப் போன பிறகு, குழந்தைகள் சுவரில் கிறுக்கிக் கட்டடத்தைப் பாழாக்குகின்றன என்று கட்டடக்காரர்கள் செய்த ஏற்பாடு அது. அதாவது, அதுவும் ஒரு பால்வாடிதான்! 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 69.

"தொண்டர்"

டீச்சருக்கும் ஆயாவுக்கும் முழுநேர அரசு ஊழியர் என்ற அந்தஸ்து இல்லை. மத்திய அரசு திட்டத்தில் இவர்கள் "கவுரவ" பணியாளர்கள். குஜராத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில் 2022 ஏப்ரல் 25-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, அங்கன்வாடி ஊழியர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. 18 குழந்தைகளின் மூக்கைத் துடைத்து, பாட்டுப் பாடி, எடை போட்டு, கணக்கெழுதி, தடுப்பூசிக்குத் தாய்மார்களைத் திரட்டி அனுப்புகிறவர்கள் சும்மா தொண்டு செய்கிறவர்கள் என்றால் யார் நம்புவார்கள்?

40 குழந்தைகள் இருந்தால்...

உங்கள் பகுதியில் பால்வாடியே இல்லையா? அதற்கும் வழி உண்டு. 2006 டிசம்பர் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த உத்தரவு இது. குடிசைப் பகுதியிலோ கிராமத்திலோ 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்து, மையம் இல்லாவிட்டால், ஜனங்கள் கேட்ட 3 மாதத்துக்குள் திறக்க வேண்டும். குழந்தைகளின் பெயர், வயது எழுதி, பெற்றோர் கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கலாம். நகலில் தேதி போட்டு முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது.

ஏற்கனவே குழந்தையை விட்டிருப்பவர்கள், இந்த மாதம் எடை எவ்வளவு, கோடு எந்தப் பட்டையில் இருக்கிறது என்று டீச்சரிடம் கேட்கலாம். கேட்டால் காட்டுவார்கள்.