படித்தவர் சொன்னவை – 19: ஜீனோவுக்கு ஆனைக்குட்டத்தில் என்ன வேலை?

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் வாரத் தொடராக வந்தது. கதை நடக்கும் ஆண்டு 2021. எழுதப்பட்டபோது எங்கோ தொலைவில் இருந்த அந்த ஆண்டை நாம் இப்போது கடந்து வந்துவிட்டோம். அந்த நாவலைப் பற்றியும், அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ' பற்றியும் எழுத்தாளர்களும் மென்பொருள் துறையினரும் நிறையப் பேசியிருக்கிறார்கள். பட்டாசு ஆலைக்கும் அச்சகத்துக்கும் தினமும் வேலைக்குப் போய்வரும் வாசகர்களின் கருத்து அவ்வளவாக அச்சில் ஏறியதில்லை. ஆனைக்குட்டத்திலும் சிவகாசியிலும் நான் கேட்டவற்றை இந்த வாரம் தருகிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜீவா என்ற சர்வாதிகாரியின் கையில் இந்தியா இருக்கிறது. பெயர் இரண்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். ஒருவர் எந்த வயதுவரை வாழலாம் என்பதையும் அரசே தீர்மானிக்கும். நிலா என்ற சாதாரணக் குடும்பப் பெண்ணின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் வீட்டுக்குக் குடிவரும் ரவியிடம் ஜீனோ என்ற இயந்திர நாய் இருக்கிறது. சொன்ன வேலையைச் செய்வதற்காக உருவாக்கப்பட்ட ஜீனோ புத்தகம் படிக்கிறது, கிண்டல் பேசுகிறது, மெல்ல மெல்லச் சுயமாக யோசிக்கவும் தொடங்குகிறது. ரவியும் அவன் நண்பன் மனோவும் ஜீவாவைக் கவிழ்க்கப் புறப்படுகிறார்கள். முடிவில், நாடே பயந்து நடுங்கிய ஜீவா வெறும் ஒளிப்பிம்பம் என்று தெரியவருகிறது. இரண்டாம் நாவலில் நிலா பேருக்கு அரசியாக உட்கார்ந்திருக்க, ரவியும் மனோவும் பின்னால் இருந்து ஆள்கிறார்கள். அப்போது அவள் பக்கம் நிற்பது ஜீனோ.

ஆனைக்குட்டம் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கிறது. அர்ச்சுனா நதியின் குறுக்கே கட்டிய அணை இங்கேதான். விருதுநகரின் குடிநீரில் ஒரு பங்கு இங்கிருந்து போகிறது. சுற்றிலும் கரிசல் காடு. மழை கைகொடுத்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் ஆலை வேலை. இந்தப் பகுதிக்குப் புத்தகம் வந்துசேர்ந்த வழியும் இந்தப் பகுதிக்கே உரியது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைத் தாள் தாளாகப் பிரித்துச் சேர்த்து பைண்ட் செய்து வைப்பது அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் இருந்த வழக்கம். சிவகாசி வட்டாரத்தில் அதைச் செய்தவர்கள் நோட்டும் டைரியும் பைண்ட் செய்து பழகிய தொழிலாளர்கள். கெட்டி அட்டை போட்டு, ஓரத்தை மெஷினில் சீராக வெட்டி, முதுகில் பெயரெழுதி வைத்த பிரதிகள் இன்னமும் சில வீடுகளில் இருக்கின்றன. கைமாறிக் கைமாறி ஓரம் மழுங்கிப் போனவை.

அப்படி ஒரு பிரதியை வைத்திருக்கும் பெரியவர், பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். "பிறக்கவும் சாகவும் அரசாங்கத்துக்கிட்ட அனுமதி வாங்குறதை சுஜாதா வானத்துல இருந்தா எடுத்தாரு? எமர்ஜென்சியில ஆம்பளைகளைப் பிடிச்சுட்டுப் போயி ஆபரேஷன் பண்ணதா பேப்பர்ல படிச்ச தலைமுறை நாங்க" என்றார். நியாயமான வாசிப்பு. 1975 முதல் 1977 வரை நீடித்த நெருக்கடிநிலைக் காலத்தில் வட மாநிலங்களில் நடந்த கட்டாயக் கருத்தடை, இந்தத் தொடரை முதலில் படித்தவர்களுக்குப் பழைய செய்தி அல்ல. 1980-ல் சீனா ஒரு குழந்தைக் கொள்கையை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. எதிர்காலக் கதை என்ற பெயரில் வந்தாலும், அன்றைய வாசகன் அதில் தன் காலத்து அச்சத்தைத்தான் கண்டான்.

பெண்கள் வேறு இடத்தில் நிற்கிறார்கள். சரவெடி பின்னும் வேலை பார்த்த ஓர் அக்காவுக்கு ஜீவாவின் சட்டதிட்டங்கள் எதுவும் நினைவில் இல்லை. கணவனைக் காணோம் என்று நிலா அலைவது மட்டும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. "ஆளைக் காணோம்னு போயி நிக்கிறா. அவ நிக்கிற இடத்துல நான் நின்னிருக்கேன்" என்றார். ஆலையில் விபத்து என்று தகவல் வந்தால் வாசலிலும் ஆஸ்பத்திரியிலும் போய் நிற்கும் பெண்களில் அவரும் ஒருவராக இருந்தவர். நாவலின் ஆண்டான 2021-லேயே, பிப்ரவரி 12 அன்று, சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் 19 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த வட்டாரத்தில் உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், உள்குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் இன்னொருவராக இருப்பார். அன்று உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள், யார் யார் என்பதே பிரச்சினையாகிவிடும். ஏட்டில் பெயர் இல்லாதவர் குடும்பம் இழப்பீட்டுக்கு எதைக் காட்டும்? ஓர் ஆள் இருந்தான் என்பதற்கு எது சாட்சி, அவனைப் பற்றிய பதிவா, அவனோடு வாழ்ந்தவளின் நினைவா? சிபியைத் தேடும் அத்தியாயங்களில் உள்ள தத்துவக் கேள்வி இதுதான். அந்த அக்கா அதை என்னைவிட ஆழமாகப் பிடித்திருந்தார்.

ஜீனோவைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோர் முகமும் மலர்ந்துவிடுகிறது. முதல் நாவலின் தலைப்பில் பெயரில்லாமல் 'இயந்திரா'வாக மட்டும் இருந்த அந்த நாய், இரண்டாம் நாவலின் தலைப்பில் தன் பெயரோடு வந்து உட்கார்ந்துவிட்டது. வாசகர்கள் அதன் மேல் வைத்த பிரியத்துக்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. அந்தப் பிரியத்துக்குப் பின்னால் ஒரு பெரிய விவாதம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த், மிருகங்கள் உயிருள்ள இயந்திரங்களே, அவற்றுக்கு மனம் கிடையாது என்று வாதிட்டார். இயந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியை 1950-ல் ஆலன் டூரிங் தன் கட்டுரையில் எழுப்பினார். அதற்கு முன்பே, 1942-ல், ஐசக் அசிமோவ் ரோபோக்களுக்கு மூன்று விதிகள் வகுத்துவிட்டார். மனிதனுக்குத் தீங்கு செய்யாதே, சொன்னதைக் கேள், உன்னைக் காத்துக்கொள் என்பது அவற்றின் சாரம். சுஜாதா இந்த மூன்று விவாதங்களையும் ஒரு நாய்க்குள் கொண்டுவந்துவிட்டார். மனமில்லாதது என்று தெக்கார்த் ஒதுக்கிய மிருகத்தின் வடிவத்திலேயே, டூரிங் கேட்ட சிந்திக்கும் இயந்திரம் வருகிறது. எஜமானின் கட்டளையும் நியாயமும் மோதும்போது எதன் பக்கம் நிற்பது என்ற அசிமோவின் சிக்கல் அதற்கும் வருகிறது. ஜீனோ நிலாவின் பக்கம் நிற்கிறது.

அதற்கு உணர்ச்சி உண்டா இல்லையா என்று வாசகர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஜப்பானில் அந்த வாதம் கதைக்கு வெளியே வந்துவிட்டது. சோனி நிறுவனம் 1999-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஐபோ என்ற இயந்திர நாய்க்கு 2014-ல் பழுதுபார்ப்புச் சேவை நின்றது. மறு ஆண்டிலிருந்து, இயங்காமல் போன ஐபோக்களுக்காக இசுமி நகரின் கோஃபுகுஜி ஆலயத்தில் புத்தபிக்குகள் இறுதிச் சடங்கு நடத்தினார்கள். ஜீனோவுக்காகக் கண்கலங்கிய தமிழ் வாசகி அவர்களுக்கு முன்னாலேயே அந்த இடத்துக்குப் போய்விட்டவள்.

ஆனைக்குட்டத்தில் ஜீனோ பற்றி நான் கேட்ட மிகக் கூர்மையான கருத்து, மருந்து அறையில் வேலை பார்க்கும் ஒருவர் சொன்னது. "ஜீனோ மாதிரி ஒண்ணு மருந்து கலக்க வந்தா நல்லதுதானே அண்ணாச்சி. வெடிச்சா அதுதானே போகும்" என்று தொடங்கினார். உராய்வுக்குப் பயந்து, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்து, கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்காமல், பருத்தித் துணி உடுத்தி நிற்கும் மனிதர் அவர். கொஞ்ச நேரம் பேசியபின் அவரே மறுபக்கத்துக்கும் வந்தார். "ஆனா அது வந்துட்டா என் கூலியை யாரு தருவா? ஜீனோ யோசிக்கும்ல, அதையும் சேர்த்து யோசிக்கட்டும்" என்றார். நாவல் தொடாத கேள்வி இது. ஜீனோ வேலைக்காரனாக ஒரு வீட்டுக்குள் வருகிறது. யாருடைய வேலையையும் பறித்துக்கொண்டு வருவதில்லை. இயந்திரம் உணருமா என்பது நகரத்து வாசகரின் கேள்வி என்றால், இயந்திரம் வந்தபின் நான் என்ன ஆவேன் என்பது இந்த வட்டாரத்து வாசகரின் கேள்வி.

இந்த மண்ணில் அதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923 வாக்கில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களும் வந்தன. ஆனால் சிவகாசியில் தழைத்தது கைத்தொழில்தான். மழை பொய்த்த கரிசலில் கூலிக்கு ஆள் மலிவாகக் கிடைத்தபோது, இயந்திரத்தின் இடத்தை மனிதக் கை எடுத்துக்கொண்டது. மனிதர்கள் மலிவாக இருக்கும் ஊரில் ஜீனோ பிறக்காது. சுஜாதாவின் நாவலை இங்கே வைத்துப் படிக்கும்போதுதான் எனக்கு இது உறைத்தது.

குறை சொல்லும் வாசகர்களும் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன். சிவகாசி ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் வேலை பார்க்கும் வாசகர், ஆர்வெலின் '1984' நாவலையும் தமிழில் படித்தவர். 1949-ல் வந்த அந்த நாவலில் பயம் மனிதனின் உள்ளே புகுந்து அவனையே மாற்றிவிடுகிறது, சுஜாதாவிடம் பயம் துரத்தலோடு நின்றுவிடுகிறது என்பது அவர் கருத்து. ஒரு பெரிய கேள்வி எழும்போதெல்லாம் கதை அடுத்த ஓட்டத்துக்குத் தாவிவிடுகிறது என்றார். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி இன்னும் கடுமையாகச் சொன்னாள்: "முதல் பாகம் முழுக்க நிலா யாரோ சொல்றதைத்தான் செய்யறா. புருஷன், அப்புறம் ரவி, அப்புறம் நாய்."

இரண்டிலும் உண்மை இருக்கிறது. வாரத் தொடர் என்ற வடிவம் ஒவ்வொரு வாரமும் ஒரு திருப்பத்தைக் கேட்கும். சிந்தனைக்கு அது விடும் இடம் குறைவு. ஆனால் அந்த வடிவம்தான் தத்துவக் கேள்விகளைத் தேநீர்க் கடைக்கும் பைண்டிங் பட்டறைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. நிலா விஷயத்தில் நான் சொல்ல விரும்புவது, இரண்டு நாவல்களையும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்பது. சர்வாதிகாரியை வீழ்த்தியவர்களே அடுத்த சர்வாதிகாரிகளாகி, ஒரு பெண்ணைப் பொம்மையாக உட்காரவைப்பது இரண்டாம் நாவலில்தான் நடக்கிறது. பிறர் சொற்படி நடந்த நிலா, தான் பொம்மை என்பதை உணர்வதற்கு முதல் நாவல் தயாரிப்பு. அந்தக் கல்லூரிப் பெண் இரண்டாவதைப் படித்துவிட்டு என்ன சொல்கிறாள் என்று கேட்க ஆவலாக இருக்கிறேன்.

2021-ஐக் கடந்தபின் படிக்கும் இளைஞர்களுக்குக் கதையின் எண் முறை அதிசயமாகத் தெரியவில்லை. 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்பிலி என்ற சிற்றூரில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. ரேஷனுக்கும் வங்கிக்கும் அந்த எண்ணோடு வளர்ந்தவர்கள் இவர்கள். அவர்களை உலுக்குவது ஜீவா ஒரு பிம்பம் என்ற முடிவு. "எதிர்த்துப் பேசணும்னா எதிர்ல ஆள் இருக்கணும்ல" என்றான் ஒரு பையன். 2021 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பு கலந்த பட்டாசுகளுக்கும் சரவெடிக்கும் உள்ள தடையை மீண்டும் உறுதிசெய்தபோது அவன் வீட்டில் இரண்டு பேருக்கு வேலை போனது. டெல்லிக் குழந்தைகளின் நுரையீரல் அந்தத் தீர்ப்பின் பக்கம் நிற்கிறது. அதை நான் மறுக்க மாட்டேன். ஜனநாயக நாட்டின் நீதிமன்றத்தை ஜீவாவோடு ஒப்பிடுவதும் சரியாகாது. ஆனால் பட்டாசு ஆலைக்கு உரிமம் தரும் அலுவலகம் நாக்பூரிலும் தீர்ப்பு டெல்லியிலும் இருக்கும்போது, சரம் பின்னுகிற கைகளுக்கு மாற்று வேலை என்ன என்ற கேள்வியை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது? முகம் தெரியாத முடிவுகளுக்கு நடுவே வாழ்பவன்தான் அந்த ஒளிப்பிம்பத்தை முழுதாகப் புரிந்துகொள்கிறான்.

பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த, வாக்கு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்ற ஒரு பொறியாளர் இந்த நாவல்களை எழுதினார். 2008 பிப்ரவரியில் அவர் மறைந்தார். தன் காலத்தில் தெரிந்த அறிவியலைக் கொண்டு அவர் கேட்ட கேள்விகளை, தங்கள் வாழ்க்கையைக் கொண்டு ஆனைக்குட்டத்து வாசகர்கள் நீட்டித்திருக்கிறார்கள். இதை நான் விமர்சனம் என்றே சொல்வேன். அந்த அக்கா சிபியைத் தேடும் அத்தியாயங்களுக்குச் சொன்ன பொருளும், மருந்து அறைத் தொழிலாளி ஜீனோவிடம் வைத்த கேள்வியும் அச்சேறிய பல ஆய்வுகளில் எனக்குக் கிடைக்காதவை.

இனி தமிழில் வரவேண்டிய அடுத்த அறிவியல் தொடர் இந்தக் கேள்விகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் ஆசை. இயந்திரம் மருந்து கலக்கும் ஊர், கூலி இழந்த கைகள், ஏட்டில் இல்லாத பெயர்கள். அதை எழுதப்போகிறவர் சிவகாசி வட்டாரத்தில் ஏதோ ஓர் ஊர்ப்புற நூலகத்தில் இப்போது படித்துக்கொண்டிருக்கலாம். அவருக்கு அந்த நூலகம் மாலை நேரத்திலும் திறந்திருக்க வேண்டும். ஆலை வேன் ஊர் திரும்புவதே மாலையில்தான்.

அடுத்த வாரம்: சிவகாசியிலிருந்தே வெளிவரும் முத்து, லயன் காமிக்ஸ்களின் வாசகர்கள்.

(தொடரும்)